ராத்திரிக்கு எத்தனை வாட்ஸ்?

ஐரோப்பா என்றதும் என் மனசில் முதலில் வருவது வெளிச்சம்தான். தமிழ் சினிமா டூயட் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் ஆச்சே! ராத்திரி பன்னிரண்டு மணிக் காட்சியில்கூட ஹீரோயினின் ஜிமிக்கி வரை பளிச்சென்று தெரியும். அந்த ஊர்களில் ராத்திரி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

2022 டிசம்பரில் ஆபீஸ் என்னை மூன்று மாதத்துக்கு பெர்லின் அனுப்பியது. (அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் ஆசாமியை எதற்கு அனுப்பினார்கள் என்று கேட்காதீர்கள். என் மேனேஜரே இன்னும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.) விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது மாலை மணி நாலு. கும்மிருட்டு! டிசம்பர் மாத பெர்லினில் சூரியன் காலை எட்டேகாலுக்கு வந்து, சாயங்காலம் நாலு அடிப்பதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இப்படி ஒரு டூட்டி டைம் நமக்கெல்லாம் வாய்க்குமா?

டாக்ஸி என்னை சார்லட்டன்பர்க் பகுதியில் ஒரு தெருவில் இறக்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். தெரு முழுக்க மங்கலாக, மஞ்சளாக, கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். நூறு வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் பெட்டியோடு வந்து விழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

"லோ வோல்டேஜா?" என்று வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டேன். எண்பது வயசு. இங்கிலீஷ் பிரமாதமாகப் பேசுவார்.

"வோல்டேஜே கிடையாது. அது கேஸ் விளக்கு" என்றார்.

"கேஸா? அடுப்பில் எரியுமே, அதுவா?"

"அதேதான். எங்கள் ஊரில் சமையல், தெரு இரண்டுமே கேஸ்."

விட்டேனா? மறுநாளே கிளம்பிவிட்டேன், விளக்கு எண்ண.

*

பெர்லினில் முதன்முதலில் கேஸ் விளக்கு எரிந்தது 1826இல், உன்டர் டென் லிண்டன் என்கிற ராஜபாட்டையில். ஏற்றி வைத்தது ஒரு இங்கிலீஷ் கம்பெனி. அதற்கப்புறம் இரண்டு உலக யுத்தம், ஹிட்லர், குண்டு மழை, ஊரை இரண்டாக வெட்டிய சுவர் என்று என்னென்னவோ வந்து போய்விட்டன. கேஸ் விளக்கு மட்டும் போகவில்லை. 2010 வாக்கில்கூட இந்த ஒரு ஊரில் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருந்தன. உலகத்தில் எரிந்துகொண்டிருந்த கேஸ் தெரு விளக்குகளில் பாதிக்கு மேல் இங்கேதான்! அப்புறம் நகராட்சி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக எல்.ஈ.டி.க்கு மாற்ற ஆரம்பித்தது. பழமை விரும்பிகள் கொடி பிடித்தார்கள். உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு, 2014ஆம் ஆண்டுக்கான ஆபத்தில் இருப்பவை பட்டியலில் பெர்லின் கேஸ் விளக்குகளையும் சேர்த்தது. கோயிலையும் கோட்டையையும் சேர்ப்பார்கள், தெரியும். தெரு விளக்கை!

கிட்டே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் சின்னச் சின்னதாக வெள்ளைச் சல்லடைப் பைகள் தகதகவென்று ஒளிர்ந்தன. அட, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! ஊர்க் கல்யாணத்தில், கோயில் திருவிழாவில், கவுண்டமணி கடையில் செந்தில் தொட்டு உடைத்த... மேண்டில்!

ஆமாம் சார், பெட்ரோமாக்ஸ் மேண்டிலேதான். அதிலும் ஒரு வேடிக்கை, பெட்ரோமாக்ஸே பெர்லின் சரக்கு. மாக்ஸ் க்ரேட்ஸ் என்கிற பெர்லின் முதலாளியின் கம்பெனி தயாரித்தது. பெட்ரோலியத்தையும் அவர் பெயரில் இருக்கிற மாக்ஸையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர். நாம் என்னவோ அதை ஜோலார்பேட்டை பக்கத்து ஊர்ப் பெயர் மாதிரி உரிமையோடு சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மேண்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய நாட்டு ரசாயன நிபுணர் கார்ல் அவுவர். 1885இல் காப்புரிமை வாங்கினார். சும்மா எரிகிற கேஸ் சுடர் மங்கலாக இருக்கும். அதன்மேல் தோரியம் ஆக்ஸைடு ஏறிய வலைப் பையை மாட்டினால் சூட்டில் அந்த வலையே வெள்ளையாக ஜொலிக்கும். தோரியத்துக்கு எங்கே போவது? மோனசைட் என்கிற மணலில் இருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்கிற ஜெர்மானியர், நம் பக்கத்திலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, "அட, இது மோனசைட் ஆச்சே!" என்று கண்டுபிடித்தார். அடுத்த கப்பலில் ஏறி, அந்த மணல் கிடக்கிற இடத்தைத் தேடி வந்துவிட்டார். எந்த இடம் தெரியுமா? மணவாளக்குறிச்சி! அன்றைக்குத் திருவிதாங்கூர், இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். அங்கேயே ஆலை போட்டு மணலைச் சலித்து, மேண்டில் செய்ய ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். ஐரோப்பாவின் ராத்திரிக்கு நம் கடற்கரையும் கொஞ்சம் வெளிச்சம் போட்டிருக்கிறது. அந்தக் குளிரில் விறைத்துக்கொண்டு நின்ற எனக்கு இது ஒரு கதகதப்பான சமாசாரமாக இருந்தது.

*

இருட்டுக்குப் பயந்து விளக்கு வைத்தார்கள் என்றுதான் நாம் நினைப்போம். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. 'யார்' பயந்தார்கள் என்று கேட்டால் கதை வேறு மாதிரி போகிறது.

பாரிஸ் நகரத்துக்கு முதன்முதலில் ஒழுங்காகத் தெரு விளக்கு போட்டது முனிசிபாலிடி இல்லை, போலீஸ்! 1667இல் பதினான்காம் லூயி மன்னர், லா ரெய்னி என்பவரைப் பாரிஸின் முதல் போலீஸ் தலைவராக நியமித்தார். அவர் வந்ததும் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி, மெழுகுவர்த்தி விளக்குகளைத் தொங்கவிட்டார். ராத்திரியில் யார் போகிறார்கள், வருகிறார்கள் என்று ராஜாவுக்குத் தெரிய வேண்டாமா? பாரிஸை 'ஒளி நகரம்' என்கிறோமே, அந்த ஒளி முதலில் ஒரு டார்ச் லைட் மாதிரி ஜனங்கள் முகத்தில் அடிக்கப்பட்டதுதான்.

ஜனங்களுக்கும் அது புரிந்தே இருந்தது. விளக்கை உடைப்பது அங்கே பெரிய குற்றம். கலகம் என்று வந்தால் முதலில் உடைவதும் விளக்குதான். 1789 புரட்சியில் பிடிக்காத அதிகாரிகளை இழுத்து வந்து விளக்குத் தூணிலேயே தூக்கில் மாட்டினார்கள். 'விளக்குக்குக் கொண்டு போ!' என்பதே ஒரு கோஷமாகிவிட்டது. 1830 ஜூலைக் கலகத்தில் வளைத்து வளைத்து விளக்குகளை நொறுக்கினார்கள். இருட்டில் அடையாளம் தெரியாது பாருங்கள்.

ஆம்ஸ்டர்டாமில் வேறு கதை. அங்கே தெருவுக்குத் தெரு கால்வாய். ராத்திரி 'ஒரு மாதிரியாக' வீடு திரும்பும் பிரமுகர்கள் நேராகத் தண்ணீருக்குள் நடந்து போய்விடுவார்கள். யான் வான் டெர் ஹெய்டன் என்று ஓர் ஓவியர். படம் போட்டோமா, விற்றோமா என்று இல்லாமல் எண்ணெய் விளக்கு ஒன்றை வடிவமைத்தார். எத்தனை அடிக்கு ஒரு விளக்கு, எவ்வளவு எண்ணெய், யார் ஏற்றுவது, எப்போது அணைப்பது என்று ஊர் முழுசுக்கும் பிளான் போட்டுக் கொடுத்தார். 1669இல் நகரசபை ஒப்புக்கொண்டது. சில மாதங்களில் ஏறத்தாழ 1,800 விளக்குகள் எரிந்தன. அவர் போட்ட ஏற்பாடு 1840 வரை நடந்தது. (தீயணைப்பு ஹோஸ் பைப்புக்கும் அவரேதான் முன்னோடி. இத்தனைக்கும் நடுவில் படமும் நன்றாகவே போட்டிருக்கிறார். நமக்கு ஒரு வேலையே ஒழுங்காக நடக்க மாட்டேன் என்கிறது.)

லண்டனில் தெரு விளக்கு சரியாக வராத காலத்தில் தீவட்டிப் பையன்கள் இருந்தார்கள். காசு கொடுத்தால் பந்தம் பிடித்து வீடு வரை கொண்டுவிடுவார்கள். சில பையன்கள் நேராகத் திருடர்களிடம் கொண்டுவிட்டுவிடுவதாகவும் பேச்சு உண்டு! 1807இல் வின்சர் என்கிற ஜெர்மன்காரர் லண்டன் பால் மால் தெருவில் கேஸ் விளக்கு ஏற்றிக் காட்டினார். தீவட்டித் தொழில் படுத்தது.

அப்புறம் மின்சாரம். 1878இல் பாரிஸ் கண்காட்சி சமயத்தில் ரஷ்யர் யாப்ளோச்கோவின் கார்பன் ஆர்க் விளக்குகள் ஓபரா அவென்யூவில் எரிந்தன. வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசியது. ஊரே வாயைப் பிளந்தது. 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன் மட்டும், கேஸ் விளக்கே போதுமய்யா என்று ஒரு கட்டுரையே எழுதினார். யார் கேட்டார்கள்? 1884இல் இன்றைய ருமேனியாவில் இருக்கும் திமிஷ்வாரா நகரம் 731 மின்விளக்குகளைத் தெருவில் எரியவிட்டு, ஐரோப்பியக் கண்டத்திலேயே முதல் என்று பெயர் வாங்கியது. 1932இல் ஹாலந்தில் பேக், கெலேன் என்கிற ஊர்களுக்கு நடுவே ரோட்டில் சோடியம் விளக்கு போட்டார்கள். அந்த ஆரஞ்சு வண்ணம்தான் அடுத்த அறுபது, எழுபது வருஷம் ஐரோப்பிய ராத்திரியின் நிறம். பெல்ஜியம்காரர்கள் ஹைவே முழுக்க விளக்கு போட்டுத் தள்ளியதில், விண்வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் குட்டி நாடு மட்டும் தனியாகத் தெரியும் அளவுக்குப் போய்விட்டது.

விண்வெளி என்றதும் பெர்லினுக்கே திரும்பி வந்துவிடலாம். 2013இல் விண்வெளி நிலையத்திலிருந்து கனடா நாட்டு கிறிஸ் ஹாட்ஃபீல்ட் பெர்லினை ராத்திரியில் போட்டோ எடுத்தார். ஊர் இரண்டு நிறமாக இருந்தது. கிழக்குப் பாதி மஞ்சள், மேற்குப் பாதி வெள்ளை. சுவர் இடிந்தது 1989இல். நாடு ஒன்றானது 1990இல். பல்புக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை! கிழக்கே சோடியம், மேற்கே கேஸும் டியூப் லைட்டும். சுவர் இருந்த இடம் கோடு போட்ட மாதிரி ஆகாசத்திலிருந்து தெரிந்தது. எல்.ஈ.டி. வர வர அந்தக் கோடு அழிந்துகொண்டே வருகிறது.

*

நான் போன டிசம்பரில் பெர்லின் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருண்டிருந்தது. உக்ரைன் யுத்தம். ரஷ்யாவிலிருந்து கேஸ் வரத்து நின்றுபோய், எங்கே பார்த்தாலும் சிக்கனம். அந்த ஜூலையிலேயே வெற்றித்தூண் உள்பட சுமார் 200 கட்டடங்களின் அலங்கார விளக்கை பெர்லின் அணைத்துவிட்டது. செப்டம்பரிலிருந்து ஜெர்மனி முழுக்க நினைவுச் சின்னங்களுக்கு விளக்கு அடிக்கக் கூடாது, விளம்பரப் பலகைகள் ராத்திரி எரியக் கூடாது என்று உத்தரவு. பாரிஸில் ஈஃபில் டவரே ராத்திரி ஒரு மணிக்குப் பதிலாகப் பதினொன்றே முக்காலுக்குக் கண்ணை மூடிக்கொண்டது.

எனக்கு ஒரே குஷி. ஆபீஸ் முடிந்து தெருவில் நடந்தால் ஆகாசம் தெரிகிறது! மேகம் விலகின ஒரு ராத்திரி, கேஸ் விளக்குகளுக்கு மேலே ஓரியன் கூட்டம் மூன்று நட்சத்திரப் பெல்ட்டோடு ஜம்மென்று நின்றது. அப்படியே நெகிழ்ந்துபோய், என்னோடு அதே வேலைக்கு வந்திருந்த தூத்துக்குடிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள்.

"எல்லா ஊரும் இப்படி விளக்கை அணைச்சுட்டா எவ்வளவு நல்லாருக்கும்!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்களுக்கு நட்சத்திரம் பார்க்கணும் சார். எனக்கு வீடு போய்ச் சேரணும்."

சுருக்கென்றது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு பூங்கா வழியாகக் குறுக்கு வழி உண்டு. விளக்கே கிடையாது. நான் தினம் சீட்டி அடித்துக்கொண்டு அதில்தான் போவேன், ஏழு நிமிஷம். அவள் ஒருநாள்கூட அதில் வந்ததில்லை. மெயின் ரோட்டைச் சுற்றிப் பதினெட்டு நிமிஷம், அந்தக் குளிரில், தினமும். மூன்று வாரமாக ஒரே ஸ்டேஷனில் இறங்குகிறோம், எனக்கு இது தெரியவே தெரியாது. 'ஏன் நம்மோடு வர மாட்டேன் என்கிறாள், ரொம்ப கர்வமோ' என்றுகூட நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இருந்தாலும் ஆம்பளை இல்லையா, லேசில் ஒப்புக்கொண்டுவிடுவோமா? ராத்திரி பூராவும் படித்துவிட்டு மறுநாள் லஞ்சில் புள்ளிவிவரத்தோடு வந்தேன்.

"இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 62 உள்ளாட்சிகளை எடுத்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. 2015இல் ரிசல்ட் வந்தது. நடுராத்திரிக்கு மேல விளக்கை அணைச்ச இடம், மங்கலாக்கின இடம் எல்லாத்தையும் பார்த்திருக்காங்க. குற்றமோ விபத்தோ கூடினதுக்கு ஆதாரம் இல்லையாம்."

"சரி சார். அந்தத் தெருவில ராத்திரி நடந்து போன பொம்பளைங்க எத்தனை பேர்? முன்னாடி எத்தனை, பின்னாடி எத்தனை? நான் அந்தப் பார்க்குக்குள்ள போறதே இல்ல. அதனால அங்க எனக்கு ஒண்ணும் நடக்கல. உங்க கணக்குல அது 'குற்றம் இல்லை'ன்னு வரும். என் கணக்குல தினம் பதினோரு நிமிஷம் நஷ்டம்."

அக்கவுன்ட்ஸ்காரன் என்னிடமே கணக்கு! பதில் வரவில்லை.

இருட்டு சும்மா இருக்காது என்பதற்கு சரித்திரத்திலும் சாட்சி இருக்கிறது. 1939 செப்டம்பரில் யுத்தம் வந்ததும் பிரிட்டன் மொத்த விளக்கையும் அணைத்தது, ஜெர்மன் விமானங்களுக்கு ஊர் தெரியக் கூடாது என்று. குண்டு விழுவதற்கு முன்பே ஜனங்கள் பஸ்ஸிலும் காரிலும் மோதிச் சாக ஆரம்பித்தார்கள். 1941இல் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 9,169 பேர். பெட்ரோலுக்கு ரேஷன், ரோட்டில் வண்டிகளே குறைவு. அப்படியும் பிரிட்டன் சரித்திரத்திலேயே அதிகமான எண்ணிக்கை அதுதான்.

*

அப்படியானால் ஊரெல்லாம் ஃப்ளட் லைட் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? சோதித்துப் பார்ப்போம் என்று அந்தப் பெண்தான் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி இருவரும் கிளம்பினோம்.

முதலில் எங்கள் கேஸ் விளக்குத் தெரு. அவள் இருபது தப்படி தள்ளிப் போய் நின்று கையைத் தூக்கினாள். "எத்தனை விரல் சார்?" "மூணு!" முகம் தெரிந்தது, மூக்குக் கண்ணாடி தெரிந்தது, 'இந்த ஆளோடு இது என்ன வேலை' என்று அவள் யோசிப்பதுகூடத் தெரிந்தது.

அடுத்து ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கக் கார் பார்க். சுவரில் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு ஒன்று, நேராக நம் கண்ணைப் பார்த்து அடிக்கிறது. கல்யாண வீடியோக்காரர் லைட் மாதிரி. அவள் விளக்கைத் தாண்டி, சுவர் ஓரமாக அதே இருபது தப்படியில் நின்றாள்.

"எத்தனை விரல்?"

விரலா? ஆளையே காணோம்! கையைப் புருவத்தில் வைத்து உற்று உற்றுப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு வட்டம், அதற்குப் பின்னால் மை இருட்டு.

"சார், இங்கதான் நிக்கறேன்!"

குரல் வந்த பிறகுதான் உருவம் தெரிந்தது. ஒரு நிமிஷம் எனக்கே திக்கென்றது. அங்கே அவளுக்குப் பதிலாக வேறு யாராவது நின்றிருந்தால்?

விஷயம் இதுதான். நம் கண் எதிரில் இருப்பதிலேயே எது அதிகப் பிரகாசமோ, அதற்கு ஏற்ற மாதிரி தன்னைச் சுருக்கிக்கொள்ளும். கூசும் விளக்கு ஒன்று எதிரே இருந்தால் அதைச் சுற்றியுள்ள நிழலெல்லாம் இன்னும் கறுப்பாகிவிடும். திரும்ப இருட்டுக்குப் பழக வேண்டுமானால் கண்ணுக்கு முழுசாக இருபது, முப்பது நிமிஷம் பிடிக்கும். மங்கலாக இருந்தாலும் ஒரே சீராக, கீழ்நோக்கி விழுகிற வெளிச்சத்தில் ஆள் முகம் தெரியும். கண்ணில் குத்துகிற ஆயிரம் வாட்ஸில் தெரியாது.

"அப்ப எனக்கு வேண்டியது நிறைய வெளிச்சம் இல்ல சார்" என்றாள் அவள், வரும் வழியில். "ஆளைக் காட்டற வெளிச்சம். அந்தப் பார்க்குல இந்த கேஸ் விளக்கு மாதிரி நாலு இருந்தாக்கூட நான் வருவேன்."

முந்நூற்றைம்பது வருஷமாக ஐரோப்பா தேடிக்கொண்டிருக்கும் விடையை அவள் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

*

அங்கங்கே சில ஊர்கள் இந்த விடைக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஜெர்மனியில் ஃபுல்டா என்று ஒரு நடுத்தர நகரம். விளக்குகளுக்கெல்லாம் தொப்பி போட்ட மாதிரி மூடி வைத்து, வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி செய்தார்கள். 2019இல் அந்த நாட்டின் முதல் 'நட்சத்திர நகரம்' என்று அங்கீகாரம் கிடைத்தது. நகரம் இருட்டாகிவிடவில்லை. ஜனங்கள் சௌகரியமாகத்தான் நடந்து போகிறார்கள்.

பிரான்ஸில் 2013 ஜூலையிலிருந்தே, கடைசி ஆள் ஆபீஸை விட்டுப் போன ஒரு மணி நேரத்தில் உள்ளே விளக்கு அணைய வேண்டும், கடைகளின் ஷோகேஸ் ராத்திரி ஒரு மணிக்குள் அணைய வேண்டும் என்று சட்டம். 2018 டிசம்பரில் இன்னொரு ஆணை போட்டார்கள். புதுத் தெரு விளக்கின் நிறம் 3,000 கெல்வினைத் தாண்டக் கூடாது. கெல்வின் என்றால் பயந்துவிடாதீர்கள். மெழுகுவர்த்தி 1,900 வாக்கில், பழைய குண்டு பல்பு 2,700, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி நீலம் கலந்த வெள்ளை என்றால் 4,000க்கு மேலே. நீலம் ஏற ஏற ஆகாசத்தில் அதிகமாகச் சிதறும். ஹாலந்தில் நியூவ்கோப் என்னும் ஊரில் 2018இல் வௌவால்களுக்காகவே சிவப்புத் தெரு விளக்கு போட்டார்கள். வௌவாலுக்கு சிவப்பு உறுத்தாது, மனுஷனுக்கு வழி தெரியும். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் கேஸ் விளக்கையெல்லாம் மாற்றப் போகிறோம் என்று 2021இல் கிளம்பியதும் ஜனங்கள் கூச்சல் போட்டுப் பல விளக்குகளைக் காப்பாற்றினார்கள்.

ஆனால் மொத்தக் கணக்கு? அங்கேதான் இடிக்கிறது. எல்.ஈ.டி. வந்தால் கரண்ட் மிச்சமாகும் என்றார்கள், ஆயிற்று. மிச்சமானதும் என்ன செய்தார்கள்? ஒரு விளக்கு இருந்த இடத்தில் இரண்டு வைத்தார்கள்! 1865இலேயே ஜெவன்ஸ் என்கிற இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர் நிலக்கரியை வைத்துச் சொன்னதுதான். எந்தப் பொருளைச் சிக்கனமாக உபயோகிக்க வழி பிறக்கிறதோ, அந்தப் பொருளின் செலவு மொத்தத்தில் கூடும். சம்பளம் உயர்ந்த மாதம் நம் வீட்டில் நடப்பதுதானே!

2023 ஜனவரியில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. சாதாரண ஜனங்கள் அவரவர் ஊர் ஆகாசத்தில் எந்த நட்சத்திரம் வரை தெரிகிறது என்று பன்னிரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துச் சொன்னதைத் தொகுத்தார்கள். ஐரோப்பாவில் ராத்திரி ஆகாசம் வருஷத்துக்கு 6.5 சதவீதம் அதிகப் பிரகாசமாகிக்கொண்டு போகிறதாம். வட்டிக் கணக்கு தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம், சுமார் பதினோரு வருஷத்தில் இரட்டிப்பு. அதற்கு முன்பே, 2016இல் போட்ட ஓர் உலகப் படம் ஐரோப்பியர்களில் 60 சதவீதம் பேருக்குப் பால்வீதி தெரியாது என்று சொல்லிவிட்டது. இத்தனை வெளிச்சம் பொங்கி வழிந்தும் எங்கள் பூங்காவில் ஒரு விளக்கு இல்லை. ஆகாசத்துக்குப் போகிறது, நடந்து போகிறவளுக்குக் கிடைக்கவில்லை.

*

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்கார அம்மாளிடம் இதையெல்லாம் சொன்னேன். காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருட்டை நான் சின்ன வயசிலேயே பார்த்துவிட்டேன்" என்றார். "1948இல் ரஷ்யர்கள் மேற்கு பெர்லினுக்கு வழியெல்லாம் அடைத்துவிட்டார்கள். எனக்கு ஆறு வயசு. மின்சாரம் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வரும். அதுவும் சில சமயம் நடுராத்திரியில். அம்மா எழுந்து அப்போது துணி இஸ்திரி போடுவாள்."

"பயமாக இருக்குமா?"

"இருட்டு பயமில்லை. யாரும் விழித்திருக்கவில்லை என்று தோன்றினால்தான் பயம். எங்கேயாவது ஒரு ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி தெரிந்தால் போதும்."

டிசம்பர் முழுக்க அவர் ஜன்னலில் மெழுகுவர்த்தி வடிவத்தில் சின்னச் சின்ன பல்பு வைத்த ஒரு மர வளைவு இருந்தது. கிறிஸ்துமஸுக்காக எல்லா வீட்டிலும் வைப்பார்கள். ஜனவரியில் எல்லாரும் எடுத்து உள்ளே வைத்தாயிற்று. இவர் வீட்டில் மட்டும் பிப்ரவரி கடைசியிலும் எரிந்துகொண்டிருந்தது. மறந்துவிட்டார் போலிருக்கிறது, வயசாயிற்று என்று நினைத்திருந்தேன்.

"இன்னும் எடுக்கவில்லையே?" என்று கேட்டேன்.

"உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி தினம் ராத்திரி இந்த வழியாகத் தனியாகப் போகிறாளே. அவள் தாண்டிய பிறகுதான் அணைக்கிறேன்" என்றார்.

நான் மூன்று மாதமாக அந்தத் தெருவில் விளக்கு எண்ணியவன். இந்த விளக்கை எண்ணவே இல்லை.

ஊருக்கு வந்து இந்தக் கதையை எல்லாம் என் மனைவியிடம் ஒன்றரை மணி நேரம் உணர்ச்சிகரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் சொன்னாள்:

"எல்லாம் சரி. பாத்ரூம் லைட்டைப் போட்டுட்டு வந்து ஒன்றரை மணி நேரம் ஆகுது. முதல்ல அதைப் போய் அணைங்க!"